நூலகத்தில் பெற்றோர் கூடும் ஞாயிற்றுக்கிழமையைத் திருப்பித் தர வேண்டி

அனுப்புநர்:
ஆ. கனகாம்பாள்,
க/பெ. ஆதிநாராயணன்,
சின்னமேட்டுக்குப்பம்,
பழவேற்காடு வழி, பொன்னேரி வட்டம்.

பெறுநர்:
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
திருவள்ளூர்.

பொருள்: ஊர்ப்புற நூலகத்தில் சத்தம் எனப் புகார் – நூலகர் திருமதி கல்பனா நடத்திய பெற்றோர் கூட்டம் நிறுத்தப்பட்டது – மீண்டும் நடத்த அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் பழவேற்காட்டில் இறால் விற்பவள். என் கணவர் ஏரியில் மீன்பிடித் தொழில் செய்கிறார். மகள் இளமதி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறாள். எங்கள் இரு வீட்டாரிலும் கல்லூரி வாசலை மிதித்தவர் யாருமில்லை. பிள்ளையைச் சேர்ப்பது எப்படி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நூலகர் கல்பனா. ஞாயிறு காலையில் பெற்றோரை உட்கார வைத்து, எந்தச் சான்றிதழ் வேண்டும், கலந்தாய்வு என்றால் என்ன என்று விளக்குவார். ஒரே சந்தேகத்தை நான் மூன்று வாரம் கேட்டிருக்கிறேன். அவர் முகம் சுளித்ததில்லை.

2. என் கணவர் காற்றைப் பார்த்துப் படகு எடுப்பதில் கெட்டிக்காரர். வெள்ளைச் சட்டைக்காரரைக் கண்டால் மட்டும் கவிழ்ந்துவிடுவார். ஒரு தனியார் கல்லூரியின் தரகர் வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் படிப்பில் இடம் உறுதி என்றார். உடனே இவர் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் மகளின் அசல் சான்றிதழ்களையும் வைத்துக் கொடுத்துவிட்டார். தாம்பூலம் கொடுத்தால் வாக்குக் கொடுத்த மாதிரி. பிறகு, திரும்ப வாங்குங்கள் என்று நான் தலைகீழாக நின்றும் அவர் கேட்கவில்லை.

3. கல்பனா அவரைக் கேலி செய்யவில்லை. வாக்குக் கொடுத்த முறைப்படியே விலகிக்கொள்ளலாம் என்றார். தாம்பூலத்தைத் திருப்பினால் பேச்சு முறிந்தது என்பது எங்கள் வழக்கம். புதுத் தட்டு, வெற்றிலை, பழத்துடன் எங்களோடு தரகர் இருக்கும் பொன்னேரிக்குப் பஸ் ஏறினார். இன்னும் நாலு பெற்றோரும் வந்தார்கள். தரகர் எங்களையும் தட்டையும் பார்த்து விழித்தார்; பிறகு சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டார். என் கணவர் தலைநிமிர்ந்து வெளியே வந்தார். எங்களைத் திட்டித் திருத்தப் பார்த்தவர்கள் உண்டு. மானம் போகாமல் திருத்தியவர் இந்த அம்மா ஒருவர்தான்.

4. அடுத்த ஞாயிறு இளமதியையும் அழைத்து வரச் சொல்லி, என்ன படிக்க ஆசை என்று கேட்டார். வழக்கம்போல் நாங்கள் இருவரும் பதில் சொன்னோம். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அக்கா, அண்ணா, ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாம இருங்க. பொண்ணு பேசட்டும்.” நூலகமே அடங்கியது. என் மகள், “மெக்கானிக்கல் படிக்கணும். நைனா போட் இன்ஜினைப் பிரிக்கிறப்பல்லாம் நான்தானே கூட நின்னுக்கினு இருக்கேன்” என்றாள். பெற்று வளர்த்த எனக்கு இது தெரியாது. என் கணவரோ, ஸ்பானர் எடுத்துக் கொடுக்கத்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன் என்றார். அதன்பிறகு அங்கிருந்த பெற்றோர் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசியது உண்மை. புகாரில் உள்ள சத்தம் அதுதான்.

5. யார் மீதும் பழி போட இம்மனுவை எழுதவில்லை. ஆனால் தாம்பூலத்தைத் திருப்பிய பிறகுதான் எங்கள் சத்தம் யார் காதிலோ விழுந்திருக்கிறது. விசாரணை முடியும்வரை கூட்டம் வேண்டாம் என உத்தரவாகிவிட்டது. கல்லூரிகளின் விருப்பப் பட்டியலைக் கணினியில் பதியும் நாளோ நெருங்கிவிட்டது. எதை முதலில் போடுவது, எதைப் பின்னால் போடுவது என்பது பாதியில் நிற்கிறது. வரிசை தப்பினால் இடம் தப்பும். அதே தரகர் நேற்று மறுபடியும் எங்கள் தெருவுக்கு வந்து போனார். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே, வரும் ஞாயிறே கூட்டம் நடக்கத் தாங்கள் உத்தரவிட வேண்டுகிறேன். நூலகத்தில் அமைதி வேண்டும் என்பது நியாயமான சட்டம். வாயை மூடிக்கொண்டிருக்கக் கல்பனா எங்களுக்கு இப்போதுதான் கற்றுக்கொடுத்திருக்கிறார். இனி அங்கே சத்தம் கேட்டால், அது எங்கள் பிள்ளைகள் பேசுகிற சத்தமாகத்தான் இருக்கும். அதை மட்டும் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இடம்: சின்னமேட்டுக்குப்பம்
நாள்: 30.06.2025

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
ஆ. கனகாம்பாள்
(இளமதியின் தாய்)