வாசலில் கழற்றிய ஷூக்கள்

22.7, திங்கள்

ஆடிக் காற்று. காலையில் ஸ்கூட்டரைத் துடைத்து எடுத்துப் போனேன், பள்ளிக்கூடம் சேர்வதற்குள் மறுபடி மண். சித்தையன்கோட்டை வேன் இன்றும் லேட். வீட்டுக் குழாயில் தண்ணீர் இல்லை. வீட்டுக்காரர் தண்ணீர் லாரிக்குச் சொல்லியிருக்கிறார், வந்தால் சரி.

போலீஸ் வேலையை விட்டு இங்கே பாதுகாப்புக்கு வந்த பிறகு, பள்ளியில் முதல் தீ ஒத்திகை. மணி அடித்தால் பிள்ளைகள் எல்லாம் மைதானத்துக்கு வர வேண்டும், அவ்வளவுதான். முன்கூட்டி யாருக்கும் சொல்லவில்லை. படுதோல்வி.

வகுப்புக்குள் ஷூ போடக் கூடாது என்பது இங்கே சட்டம். புது டைல்ஸ், சுவரில் சரஸ்வதி படம். ஷூ வைக்க வாசலுக்கு இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு. மணி அடித்ததும் ஓடி வந்த பிள்ளைகள் வாசலிலேயே குந்திக்கொண்டு அவரவர் ஷூவைத் தேடினார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் விழுந்தார்கள். மூன்றாம் வகுப்பு பி வாசலில் ஒரே அடைப்பு.

அங்கே ஒரு பிள்ளை, ரிஸ்வானா. ஷூவை மாட்டிக்கொண்டு நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஏன் என்றால், "லேஸ் கட்டத் தெரியாது போலீஸ் மிஸ். அண்ணன் வந்து கட்டிவிடுவான்." அண்ணன் அன்வர் ஐந்தாம் வகுப்பு, மாடியில். ஒவ்வொரு இடைவேளைக்கும் இறங்கி வந்து இவளுக்குக் கட்டிவிட்டுத்தான் விளையாடப் போவானாம். பாசம் நல்லதுதான். நிஜத் தீயென்றால் அவன் வரும்வரை இவள் நிற்பாளே.

23.7, செவ்வாய்

தலைமை ஆசிரியையைப் பார்த்தேன் (இனி த.ஆ.). கேட்டது இரண்டு. ஸ்டாண்டை வராந்தாக் கடைசிக்குத் தள்ள வேண்டும். மணி அடித்தால் ஷூவைத் தொடாமல் ஓடப் பழக்க வேண்டும்.

"வெறுங்காலோடவா? மைதானம் பூராம் நெருஞ்சி முள்ளு மேடம். சாக்ஸ் அழுக்கானாலே பேரன்ட்ஸ் சண்டைக்கு வாராங்க."

"உசுருக்கு ஒண்ணுன்னா வர மாட்டாங்களா?"

சொல்லியிருக்க வேண்டாம். அவர் முகம் சுருங்கிவிட்டது. காக்கியைக் கழற்றி இத்தனை காலமாகியும் ஸ்டேஷன் வாய் மட்டும் கழன்றபாடில்லை.

மாலையில் தாளாளர் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை கல்வித் துறையிலிருந்து ஒத்திகை பார்க்க வருகிறார்களாம். "அன்னைக்கு மட்டும் பிள்ளைகள காலைலேருந்தே ஷூவோட உக்கார வச்சிருவோம்மா. பாக்கவும் அழகா இருக்கும். ஸ்டாண்டு கதைய லீவுல பாத்துக்கிருவோம்." எழுந்திருக்கும்போது, "உங்க வேலையும் இந்த வருசம் நீட்டிக்கணும்ல?" மிரட்டலா, அக்கறையா, தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் அவர் வெஞ்சனத்துக்கு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். கதை முழுவதும் கேட்டுவிட்டு, "ரவுடிகளையே மெரட்டுனவ, ஒரு ஷூ ஸ்டாண்டுகிட்ட தோத்துட்டியே" என்றார். சிரிப்பு வரவில்லை.

வாங்க வேண்டியது: முட்டிக்குத் தைலம், விசிலுக்குக் கயிறு. எரியோட்டில் இருக்கும் நாத்தனாருக்குப் போன் செய்ய வேண்டும்.

26.7, வெள்ளி

ஒத்திகை பிரமாதம், எல்லார் காலிலும் காலையிலிருந்தே ஷூ. மணி, வரிசை, மைதானம், கைத்தட்டல், போட்டோ. ரிஸ்வானாவுக்குக் காலையிலேயே அண்ணன் இரட்டை முடிச்சுப் போட்டு அனுப்பியிருந்தான். ஜம்மென்று நடந்து வந்தாள்.

எனக்குச் சால்வை. வந்தவர்களில் ஒருவர், "போலீஸ் ட்ரெய்னிங்னா ட்ரெய்னிங்தான்." கும்பிட்டேன். வெட்கமாக இருந்தது. சால்வையை வீட்டுக்குள் கொண்டுபோகப் பிடிக்கவில்லை, ஸ்கூட்டர் டிக்கியிலேயே கிடக்கிறது.

28.7, ஞாயிறு

கறி எடுத்து வந்தார். ருசிக்கவில்லை. தண்ணீர் லாரி ஒருவழியாக வந்தது.

துணிக்கடைக்குப் போனோம். மாடிப்படி பூராவும் அட்டைப்பெட்டிகள். ஆள் எப்படி இறங்குவது? கடைப் பையனிடம் சொன்னேன். "எடுத்துர்றோம்க்கா." எடுக்கவில்லை. மறுபடி சொன்னேன். அவர் முழங்கையால் இடித்தார். "செத்த நேரம் சும்மா இரேன். சேலயப் பாரு." சேலை எடுக்காமலே திரும்பினோம்.

போலீசில் என்னைக் கல்லூரிக் காவலில் போட்டிருந்த காலத்திலும் இதே வியாதிதான். ஹாஸ்டல் கேட், ராகிங், பஸ் ஸ்டாப் வம்பு, எல்லாவற்றையும் நினைத்து நினைத்து உட்கார முடியாது. அப்போது கையில் அதிகாரமாவது இருந்தது. இப்போது விசில்.

31.7, புதன்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாடிப்படிக்குக் கீழே மின்பெட்டியில் புகை. வாட்ச்மேன் தங்கராசுதான் பார்த்துக் கத்தினார். மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு மணியை அடித்தேன். அதற்குள் கீழ் வராந்தா முழுக்கக் கறுப்பு.

பிள்ளைகள் வெளியே வந்தார்கள். வந்து, உட்கார்ந்தார்கள். போன வாரத் திங்கட்கிழமை மாதிரி முட்டி மோதவில்லை. வரிசையாக, சத்தம் போடாமல், புகைக்குள் உட்கார்ந்து ஷூ மாட்டினார்கள். "ஷூவ விட்டுட்டு ஓடுங்க, ஓடுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு பையன் இருமிக்கொண்டே கேட்டான்: "வெள்ளிக்கிழம ஷூ போட்டுத்தான மிஸ் போனோம்?"

நாங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தார்கள். நான் தலையாட்டியதைத்தான்.

கையில் சிக்கியவர்களை எல்லாம் இழுத்து மைதானத்துக்குத் தள்ளினோம். ஆசிரியைகள் தலை எண்ணினார்கள். மூன்றாம் வகுப்பு பி-யில் ஒன்று குறைவு. மாடிப் பிள்ளைகளை மறுபக்கப் படி வழியாக இறக்கியிருந்தார்கள். அன்வர் திமிறுகிறான், அவன் டீச்சர் இரண்டு கையாலும் பிடித்து வைத்திருக்கிறார். "என் தங்கச்சி லேஸ் கட்டாம உக்காந்திருக்கும் மிஸ், விடுங்க மிஸ்."

துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன். கண்ணைத் திறக்க முடியவில்லை. முட்டி ஸ்டாண்டில் இடித்தது. அதன் பக்கத்திலேயே இருந்தாள். ஷூ இரண்டும் காலில், லேஸ் தரையில். அழக்கூட இல்லை. தூக்கித் தோளில் போட்டதும் காதருகே சொன்னாள்: "அண்ணன் இன்னும் வரல மிஸ்."

ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். புகை உள்ளே போயிருக்கிறது, தேறிவிடுவாள் என்றார் டாக்டர். அவள் அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். கையை உருவிக்கொண்டேன்.

1.8, வியாழன்

பள்ளி விடுமுறை. காற்று குறையவில்லை. காலையில் ஆஸ்பத்திரி. ரிஸ்வானா உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள். அன்வர் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. "இவளுக்கு லேஸ் கட்டக் கத்துக் குடுத்துர்றேன் மிஸ்" என்றான்.

"அது மெதுவாக் கத்துக்கிரட்டும். மணி அடிச்சா ஒனக்காகக் காத்திருக்கக் கூடாதுன்னு மொதல்ல சொல்லிக் குடு."

அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அங்கிருந்து நேராகப் பள்ளி. தங்கராசுவும் நானும் ஸ்பேனர் போட்டு ஸ்டாண்டுகளைக் கழற்றி வராந்தாக் கடைசிக்கு இழுத்தோம். யாரோ சொல்லித் தாளாளர் போன். "லீவுல பாத்துக்கிருவோம்னு சொன்னேனேம்மா."

"இன்னைக்கு லீவுதான் சார்."

போனை வைத்துவிட்டார். வேலை நீட்டிப்பு அம்புட்டுத்தான் என்று நினைக்கிறேன்.

வாசலிலிருந்து மைதானம் வரை நெருஞ்சியைக் கொத்திப் பெருக்கினோம். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தேன். ஒரு முள் ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு, திரும்பப் பெருக்கி, திரும்ப நடந்தேன்.

நாளை பள்ளி உண்டு. முதல் பீரியடிலேயே ஒத்திகை மணி அடிப்பேன். த.ஆ.விடம்கூடச் சொல்லவில்லை.