தொட்டி காலியாக இல்லை

அக்டோபர் 14, செவ்வாய்

லிஃப்ட் இன்றைக்கும் வேலை செய்யவில்லை. பாயான் பாரு தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, ஜெலுத்தோங் வீட்டுக்கு வந்து, ஒன்பது மாடி ஏறினால் கால் என்னத்துக்கு ஆகும்? பையைக் கீழே போட்டுவிட்டு நேரே கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

செவ்விறால்களில் பெரியவளுக்கு வயிற்றுக்கடியில் முட்டை, மஞ்சள் மஞ்சளாக. அவளே என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். முட்டைகளுக்குக் காற்றுப் பட வேண்டுமென்று காலால் விசிறிக்கொண்டே இருக்கிறாள். மூன்று வருடமாக வளர்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

வீட்டுக்காரர் ஹரீஷின் நண்பர் ஒருவர் வந்திருந்தார். தொட்டியைப் பார்த்தார். "இந்த இறாலச் சம்பல் வச்சுத் தின்னா ஒரு வாய்க்குக்கூடக் காணாது லா!" என்று அவரே சிரித்துக்கொண்டார். வருகிறவர்கள் எல்லோருக்கும் இந்த ஒரே நகைச்சுவைதான் வருகிறது. இல்லாவிட்டால் அடுத்த கேள்வி: "மீன் எங்க?"

மீன் இல்லை ஐயா. இறால் இருக்கிறது, தொட்டி முழுக்க. கண் தெரியாதா?

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

கோபத்தோடு எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. போகட்டும்.

சாயங்காலம் ஓப்பன் ஹவுஸ், யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம். வீடு கொள்ளாத கூட்டம். பாலிக் புலாவிலிருந்து நவமணி அக்கா வந்தார். ஹரீஷின் ஒரே அக்கா, அம்மா போன பிறகு இவரை வளர்த்தவர். ஒரு வீட்டுக்கும் வெறுங்கையோடு போகமாட்டார். போன வருடம் திரைச்சீலை கொண்டுவந்தார், நான் கேட்காத நிறத்தில். மாட்டிவிட்டுத்தான் போனார். இந்த வருடம் பிளாஸ்டிக் பையில் இரண்டு ஏஞ்சல் மீன். ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம்.

நான் ஆட்டுக்கறிச் சட்டியோடு அடுப்படியிலிருந்து வருவதற்குள் பையை அவிழ்த்துத் தண்ணீரோடு கொட்டிவிட்டார். என் தொட்டியில். கேட்காமல்! சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"காலியா கெடந்துச்சு மோகனா, பாக்கவே ஒரு மாதிரியா இருந்துச்சு. தொட்டியும் சரி, வீடும் சரி, காலியா இருக்கக்கூடாது மா."

வீடும் சரி. அத்தனை பேர் முன்னாலும். கல்யாணமாகி எட்டு வருடம், பிள்ளை இல்லை — எங்களுக்குத் தெரியாத சேதியா இது? ஊருக்கே சொல்லணுமா? நான் என்ன செய்தேன்? சட்டியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினேன். என் மேலேயே எனக்கு எரிச்சல்.

எல்லோரும் போனதும் ஹரீஷிடம் கொட்டித் தீர்த்தேன். "விடு மோகனா. தீபாவளி அதுவுமா. ஆசையா வாங்கிட்டு வந்திருக்காங்க."

விடு, விடு, விடு. எட்டு வருடமாக இதே மருந்து.

அக்டோபர் 21, செவ்வாய்

தொட்டியில் முட்டைக்காரியைக் காணோம்.

அக்டோபர் 22, புதன்

வலை போட்டுப் பிடித்தே விட்டேன். இரண்டு ஏஞ்சலும் இப்போது பாத்ரூமில், பெரிய வாளியில், பழைய காற்றுப் பம்போடு இருக்கின்றன. அவற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. வாய்க்குள் போவதைத் தின்பது மீனின் புத்தி. மனுஷிக்குப் புத்தி எங்கே போச்சு?

மிச்சமிருக்கிற இறால்கள் பாசிக்குள் பதுங்கிவிட்டன. எத்தனை மிச்சம் என்று தெரியவில்லை. தீனி போட்டும் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

ஹரீஷ் வாளியை எட்டிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை அக்கா வருவாங்க. மீன் எங்கன்னு கேட்டா என்ன சொல்றது? இறாலைத் தொடாத சின்ன மீனு ஏதாச்சும் பாரேன். அவங்க மனசும் நோகாது."

அவங்க மனசு நோகாது. என் மனசு கல்லா? என் தொட்டிக்கு மீன் எதற்கு என்று ஒருவராவது கேட்கிறாரா பார்!

அக்டோபர் 25, சனி

போனேன். வேறு வழி? நான் பார்க்காவிட்டால் அக்கா இன்னொரு பையோடு வந்து நிற்பார்.

மார்க்கெட் பக்கம் சுல்தான் அண்ணேயின் வளர்ப்பு மீன் கடை. இறாலோடு எந்த மீனை விடலாம் என்று கேட்டேன். "எல்லாமே போலே லா தங்கச்சி, தாராளமா விடலாம்." நியான்? "போலே." கப்பி? "போலே." பெட்டா? "போலே... ஆனா அதோட மூடப் பொறுத்து." ஏஞ்சல்? "அதுவும் பிரச்சினை இல்ல." அடப்பாவி மனுஷா! ஒரு கண்ணாடியில் 'அமைதியான மீன்' என்று சீட்டு வேறு ஒட்டியிருந்தது. அமைதி யாருக்கு?

அவரை நம்பிப் பயனில்லை. நானே ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து வாயைப் பார்த்தேன். நியான் பெரிய இறாலை விட்டுவிடும், குஞ்சை விடாது. கப்பியும் அப்படித்தான். பெட்டாவில் ஒன்று சாதுவாக இருக்கும், இன்னொன்று காலைப் பிய்த்துப் போடும். வாங்கும்போது எது எதுவென்று யாருக்குத் தெரியும்? பெரியவர்களைத் தொடமாட்டேன், குஞ்சுகளை மட்டும் தின்பேன் என்கிற விருந்தாளியை வீட்டுக்குள் விடுவதா?

"மாப்பிள்ள பாக்க வந்த மாதிரில்ல பாக்கறீங்க!" என்று சிரித்தார் சுல்தான் அண்ணே.

ஆமாம், பார்ப்பேன். என் தொட்டிக்குள் வருகிறவரை நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

கடைசியில் மூலைத் தொட்டியில் ஓட்டோ மீன்கள். விரல்கணு நீளம், சாம்பல் நிறம், பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. உறிஞ்சு வாயால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்கிறது. அந்த வாய்க்கு இறாலைக் கடிக்கத் தெரியாது, குஞ்சைக்கூட. வயிறு ஒட்டியது பட்டினியில் செத்துவிடும் என்பதால் வயிறு உருண்டவற்றை மட்டும் காட்டிக் காட்டி எடுக்கச் சொன்னேன்.

வீட்டில் பையை மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, பிறகு வலையால் எடுத்து உள்ளே விட்டேன். கடைத் தண்ணீர் ஒரு துளி போகவில்லை. இன்னொருத்தர் இடத்துக்குள் நுழைய ஒரு முறை இருக்கிறது.

அக்டோபர் 26, ஞாயிறு

அக்கா வந்தார். கையில் ஒரு பை கொய்யா. வழக்கம்போல் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றார். "இதுவா மீனு? அழுக்கு ஒட்டியிருக்கற மாதிரி இருக்கு. நான் குடுத்தது எங்க?"

நான் வாய் திறப்பதற்குள் கை கழுவப் போனார். வாளியைப் பார்த்துவிட்டார்.

"ஆசையாக் குடுத்தத பாத்ரூம்ல வச்சிருக்கியா? உங்களுக்கு ஒரு புள்ள பொறக்கணும்னு தண்ணீர்மலைக் கோயில்ல வேண்டிக்கிட்டு வாங்குன மீனு மா அது!"

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததென்று தெரியவில்லை. "நான் கேட்டேனா அக்கா? மீனு வேணும்னு கேட்டேனா? வேண்டிக்கச் சொல்லிக் கேட்டேனா? அந்தத் தொட்டி காலியா இல்ல. அதுல வயித்துல முட்டையோட ஒருத்தி இருந்தா. உங்க மீனு தின்னுடுச்சு!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. திறக்கட்டும். ஹரீஷ் வாயிலிருந்து அந்த 'விடு' வருமென்று காத்துக்கொண்டு நின்றேன்.

வரவில்லை. அவர் உள்ளே போய் வாளியைத் தூக்கினார். "இந்த மீன கீழ நிக்கற உங்க கெரெத்தாவுல, பின் சீட்டுல வைக்கறேங்க்கா. எங்க வீடும் காலியா இல்ல. நானும் மோகனாவும் இருக்கோம்." அக்காவிடம் அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை.

லிஃப்ட் இல்லை. ஒன்பது மாடியும் வாளியோடு இறங்கினார். அக்கா, நான் போட்டுவைத்த தேத்தண்ணியைத் தொடாமல் பின்னாலேயே போய்விட்டார். இவர் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது பேன்ட் முழுக்க ஈரம். இரண்டு பேரும் ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தோம். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் அழுதேன்.

நவம்பர் 8, சனி

இத்தனை நாள் மூச்சே காட்டாத அக்கா இன்றைக்குப் போன் செய்தார். எடுத்ததும், "மோகனா, உன் மீனு என் கப்பிக் குட்டிங்க எல்லாத்தையும் தின்னுடுச்சு!"

என் மீனா? என் மீனா! வாளியோடு கொண்டுபோய்த் தன் கப்பித் தொட்டியில் கொட்டியிருக்கிறார். அங்கேயும் யோசிக்கவில்லை. திட்ட வாயெடுத்தேன்.

"காலையில பாத்தா ஒண்ணுகூட இல்ல. சோறே எறங்கல," என்றார். பிறகு குரலை இறக்கிக் கேட்டார்: "உனக்கும் அப்படித்தானே இருந்திருக்கும்?"

"ஆமாங்க்கா," என்றேன். பரவாயில்லை என்று சொல்லவில்லை. வலித்தது வலித்ததுதானே.

நவம்பர் 22, சனி

காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "மோகனா! ஓடியா, ஓடியா!" என்று ஹரீஷ் கத்தினார். என்னமோ ஏதோவென்று ஓடினால், மனிதர் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு மண்டியிட்டிருக்கிறார்.

பாசி மேல் குஞ்சுகள். புள்ளி புள்ளியாக, கண்ணாடி போல், கண் மட்டும் கறுப்பாக. பதுங்கிப் பிழைத்தவர்களில் யாரோ ஒருத்தி முட்டை சுமந்திருக்கிறாள், எனக்கே தெரியாமல். ஒரு ஓட்டோ அவற்றுக்கு நடுவே சுரண்டிக்கொண்டு போனது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹரீஷ் எண்ண ஆரம்பித்து, விட்டு, மறுபடி ஆரம்பித்தார்.

சாயங்காலம் அக்கா போன். நாளைக்கு வருகிறாராம். சொல்லிவிட்டுத் தயங்கினார். "ஏதாச்சும் கொண்டு வரவா மா?"

கேட்டார். எட்டு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.

"ஒண்ணும் வேணாங்க்கா. கைய வீசிக்கிட்டு வாங்க," என்றேன். "மூக்குக்கண்ணாடிய மட்டும் மறக்காம எடுத்துட்டு வாங்க."