மூன்று மாதப் படிப்பும் என் வயிற்றெரிச்சலும்

இன்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நம் வடைக் கடையில் மசால்வடை வாசனை மூக்கில் ஏறியதுமே உன் மீதிருந்த பழைய எரிச்சலும் கூடவே வந்துவிட்டது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. செத்துப்போன தோழி மீது பொறாமைப்படக் கூடாது என்று யாராவது சட்டம் போட்டிருக்கிறார்களா என்ன?

நான் நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்தவள். நீ கிள்ளானில் சேலைக் கடையில் வேலை பார்த்தவள். திடீரென்று அதை விட்டுவிட்டு கணினி நிரல் எழுதக் கற்றுத்தரும் மூன்று மாத கோடிங் பூட்கேம்பில் சேர்ந்தாய். "மூணு மாசத்துல டெவலப்பரா? ஏமாத்துறாங்கடி," என்றேன். "ஏமாந்தா நான்தானே ஏமாறப் போறேன், உனக்கென்ன லா," என்று சிரித்தாய்.

பிறகு செராஸில் ஒரே நிறுவனத்தின் நேர்காணலுக்கு இருவரும் போனோம். ஓடாத ஒரு புரோகிராமைக் கொடுத்துச் சரிசெய்யச் சொன்னார்கள். எனக்கு ஓரிடம் புரியவில்லை. காட்டிக்கொள்ளாமல் தட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்து மேசையில் நீயோ, "பாஸ், இந்த லைன் எனக்குத் தெரியல, கொஞ்சம் சொல்லுங்க," என்று சத்தமாகவே கேட்டாய். தொலைந்தாள் என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன். வேலை உனக்குக் கிடைத்தது. அன்று மாலை இதே கடையில் நீ வாங்கிக் கொடுத்த வடை எனக்குத் தொண்டையில் இறங்கவே இல்லை. அதன் பிறகு யார் கேட்டாலும், "அவளுக்கு அதிர்ஷ்டம்," என்றுதான் சொல்லி வந்தேன்.

இன்று என்னை இங்கே வரச் சொன்னது உன் கணவர். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டியது போதுமாம். திங்கட்கிழமை நோட்டீஸ் கொடுத்துவிட்டு அவரும் பூட்கேம்ப் போகிறாராம். பிள்ளை இன்னும் பாலர் பள்ளியில். வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான்.

"நீங்க படிச்சவங்க, உண்மைய சொல்லுங்க சிஸ்டர். வேலைய விடலாமா?"

"அவளுக்கு அதிர்ஷ்டம் இருந்துச்சு அண்ணே."

"எனக்கும் இருக்கும்ல?" என்றார் ஆசையாக.

அதிர்ஷ்டம் என்று சொல்லி நானே வசமாக மாட்டிக்கொண்டேன். இனி உண்மையைச் சொல்லாமல் முடியாது. உங்கள் பூட்கேம்பில் தினமும் காலையில் ஒவ்வொருவராக எழுந்து, நேற்று எங்கே மாட்டிக்கொண்டோம் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும் என்பாயே, அதைச் சொன்னேன். பாதிப் பேர் வெட்கப்பட்டு "எல்லாம் ஓகே" என்று உட்கார்ந்துவிட்டதையும், அவர்களில் பலர் பழைய வேலைக்கே திரும்பியதையும் சொன்னேன். நீ ஒருத்திதான் தினமும் நின்று கேட்டாய்.

"வேலை வாங்கிக் கொடுத்தது அந்தப் படிப்பு மட்டும் இல்ல அண்ணே. அவ கெட்டிக்காரி."

வாய்விட்டு இதை நான் சொன்னது இதுதான் முதல் தடவை. கசந்தது.

அவர் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். "நாலு பேர் முன்னால தெரியலன்னு சொல்ல எனக்கு வராது சிஸ்டர்."

"லோரிய விடாதீங்க. சனி ஞாயிறு வகுப்பு ஒண்ணுல சேந்து பாருங்க. அங்க தெரியலன்னு சொல்ல வந்துச்சுன்னா அப்புறம் யோசிக்கலாம்."

சரி என்றார். எழுந்து போகும்போது, "கெட்டிக்காரின்னு அவகிட்டயே சொல்லியிருக்கலாமே," என்றார்.

சொல்லியிருந்தால் ஒரு மாதம் உன்னைக் கையில் பிடித்திருக்க முடியாது. அதையும் பார்த்து எனக்கு எரிந்திருக்கும். இப்போது என் அலுவலகத்தில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒருவர் மீதும் எனக்கு இப்படிப் பொறாமை வரவில்லை. அது உனக்கு மட்டும்தான்டி. வேறு யாருக்கும் தர எனக்கு மனசில்லை.