மச்சுத் தரையில் தேங்காய் நார்

ஸ்ரீரங்கம்
4.5.2025

சிரஞ்சீவி ஹம்ஸாவுக்கு அண்ணா அனந்தபத்மநாபன் ஆசீர்வாதம்.

இங்கு க்ஷேமம். உன் முழங்கால் வலி தேவலையா? தென்னூர் கூப்பிடு தூரம்தான். போன் செய்தால் நீ குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

பதினெட்டாம் தேதி கோதாவின் வருஷாப்திகம், அவள் போய் ஒரு வருஷம் ஆகிறது. கூடப் பிறந்தவர்களில் மிச்சம் நாம் இருவர். நீ வர வேண்டும்.

அவளை மச்சு அறையில் வேகவைத்துக் கொன்றேன் என்று நீ சொல்லித் திரிவதாகக் கேள்வி. ஓட்டுக்கூரைக்குக் கீழே எந்த அறைதான் கொதிக்காது? அதற்காகத்தானே வெளிநாட்டுப் பத்திரிகைகளை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன்? மச்சின் பலகைத் தரை முழுக்கத் தெர்மாகோல் அடுக்கி, ஒரு சாண் உயரம் தேங்காய் நார் பரப்பி, மேலே கோரைப்பாய் விரித்தேன். மாடிக் கதவின் இடுக்கை ரப்பர் வைத்து அடைத்தேன். ஏசி வாங்குகிறவன் முட்டாள். கூடத்தில் மூன்று டிகிரி குறைந்தது. தெர்மாமீட்டர் பொய் சொல்லாது.

ஆசிகளுடன்,
அனந்தபத்மநாபன்

தென்னூர்
7.5.2025

அண்ணாவுக்கு ஹம்ஸா தெண்டன் சமர்ப்பித்து எழுதுவது.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

கூடத்தில் குறைந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கூடத்தில் படுத்தது நீங்கள். மச்சில் படுத்தது அக்கா. எங்கள் வீட்டுக்கு ஓடு மாற்ற வந்த கொத்தனார் அழகிரியிடம் கேட்டேன். "தரையில போட்டா கீழ்வீடு குளுருமுங்க. மேல படுக்கிறவங்களுக்கு ஓட்டுக்கு அடியிலதானே அடிக்கணும்" என்றார். நீங்கள் படித்த ஊர்களில் மச்சில் பெட்டி படுக்கைதான் கிடக்குமாம், மனுஷர் படுப்பதில்லையாம்.

போகட்டும், தெரியாமல் செய்தீர்கள். என் வருத்தம் அதில்லை. அக்கா போன அன்று கரண்ட் இல்லை. எழுந்து வர முடியாமல் கூப்பிட்டிருப்பாள். நீங்கள் கூடத்தில் விழித்துத்தான் இருந்தீர்கள். முந்தின வாரமே என்னிடம் சொன்னாள்: "கதவைச் சாத்திட்டா நான் கூப்பிடறது அண்ணாக்குக் கேக்கறதே இல்லைடி." சாத்தச் சொன்னது யார்? சூடு கீழே இறங்கிவிடும் என்று நீங்கள்.

அவள் கூப்பிட்டாள் என்று ஒரு வரி எழுதுங்கள். நான் வருகிறேன்.

அடியேன்,
ஹம்ஸா

ஸ்ரீரங்கம்
9.5.2025

ஹம்ஸாவுக்கு ஆசீர்வாதம்.

கொத்தனார் சொன்னால் வேதவாக்கு, அண்ணா சொன்னால் பொய். இருக்கட்டும்.

அவள் கூப்பிடவில்லை. எனக்கு நிரூபணம் இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை, நீ கிளறியதால் எழுதுகிறேன். ஒரு வருஷமாக, தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு, "அண்ணா, தீர்த்தம்" என்று குரல் கேட்கிறது. அவள் குரல்தான். முதல் மாதம் ஓடி ஓடி மாடி ஏறிப் பார்த்தேன். கட்டில் காலி. பிறகு போவதில்லை. பயம் என்று நினைக்காதே, எனக்குப் படி ஏற முடியவில்லை.

நீயே யோசி. முனகுகிற மாதிரியான அந்தக் குரலே, கதவு சாத்தியிருக்க, என் காதில் விழுகிறது. உயிரோடு இருந்தவள் கூப்பிட்டு விழாமல் போகுமா? ஆகவே கூப்பிடவில்லை.

அனந்தபத்மநாபன்

தென்னூர்
11.5.2025

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இங்கே வந்து என்னோடு இருங்கள் என்றால் கேட்க மாட்டீர்கள்.

நாளை மறுநாள் அழகிரி வருவார். அவரை மச்சுக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டுக் கத்தச் சொல்லுங்கள். உங்களுக்குக் கேட்டால் நான் உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

ஹம்ஸா

ஸ்ரீரங்கம்
13.5.2025

ஹம்ஸாவுக்கு,

அழகிரி இரண்டரை மணி தாண்டி மச்சுக்கு ஏறினான். கதவைச் சாத்திக்கொண்டு கத்தச் சொன்னேன். சாய்வு நாற்காலியில், அன்று உட்கார்ந்திருந்த அதே இடத்தில், காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு சத்தமும் இல்லை. இன்னும் கத்த ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தேன். கால் மணி கழித்து, சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, இறங்கி வந்தான்.

"என்ன சாமி, வரவே இல்ல? தீப்புடிச்சிருச்சுன்னுகூடக் கத்திப் பாத்துட்டேனுங்க. தொண்டையே போச்சு."

மோர் கொடுத்தேன். குடித்துக்கொண்டிருந்தவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"வீட்ல வேற யாருங்க இருக்காங்க? தண்ணி கேக்கிறாங்களே."

மணி மூன்று. அவன் சாமான் பையைக்கூட எடுக்காமல் போய்விட்டான். நாளை யாரையாவது அனுப்பி வாங்கிக்கொள்ளச் சொல்.

நீ கேட்ட வரி இது: கோதா அன்று கூப்பிட்டாள். எனக்குக் கேட்காதபடி செய்தவன் நான். யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. ஏசி விஷயத்தில் மட்டும் நான் சொன்னது சொன்னதுதான்.

இன்னொன்று. மச்சிலிருந்து கீழே எதுவும் கேட்காது என்று தீர்ந்துவிட்டது. அப்படியானால் ஒரு வருஷமாக நான் கேட்பது மச்சிலிருந்து வருவதில்லை. இத்தனை நாளும் தலையை நிமிர்த்தி மேலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வருஷாப்திகத்துக்கு வா. அதற்கு முன்னால் வராதே. நாளைக்குச் சொம்பில் தீர்த்தம் நிரப்பி வைத்துக்கொண்டு உட்காரப்போகிறேன். கூப்பிட்டதும் மேலே பார்க்க மாட்டேன். பக்கத்தில் திரும்பிக் கொடுப்பேன்.

அண்ணா