மூன்று மாதத்துக்கு ஒரு பெட்டி

மார்ச் 7, 2015

சனிக்கிழமைப் பேப்பருக்குள்ளிருந்து ஒரு விளம்பரத் தாள் விழுந்தது. ஒயின் கிளப். முதல் பெட்டி பாதி விலைக்கு, பன்னிரண்டு பாட்டில் அறுபது பவுண்ட். அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு பெட்டி, நூற்றிருபது. வீட்டு வாசலுக்கே வந்துவிடும். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாமாம். இப்படிச் சொல்கிறவர்கள் யாரும் சுலபமாக நிறுத்த விட்டதாக எனக்கு நினைவில்லை.

உருளைக்கிழங்குத் தோலைப் போட அந்தத் தாளை எடுத்துவைத்தேன். திரும்பிப் பார்த்தால் நெவில் தோலையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு அதைப் படித்துக்கொண்டிருக்கிறான்.

"சேர்ந்துடலாமா, ரோவீனா?"

"எதுக்கு? நாம குடிக்கிறதே வாரத்துக்கு ஒரு பாட்டில். முக்குக் கடையில ஆறு பவுண்டுக்குக் கிடைக்குது."

"அது சரியில்லை. கொஞ்ச நாளாவே சரியில்லை."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"நல்லதா ஒண்ணு குடிச்சுப் பார்க்கணும்னு இருக்கு. அவ்வளவுதான்."

என் புருஷன் வாழ்நாளெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்துவிட்டு கிறிஸ்துமஸோடு ஓய்வு பெற்றவன். அதற்குப் பிறகு எதையுமே கேட்டதில்லை. சரி என்றேன்.

மார்ச் 8

வருடத்துக்கு நானூற்று எண்பது! கண்ணாடிக் கடையில் நான் அரைநாள் வேலைக்கு வாங்கும் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். ஏன் சரி என்றேன்?

மார்ச் 21

பெட்டி வியாழனன்று வந்தது. ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு அட்டை, அதில் என்ன மணம், என்ன ருசி, எதோடு சாப்பிடலாம் என்று அச்சடித்திருக்கிறார்கள். நெவில் அட்டைகளைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டான்.

இன்று இரவுச் சாப்பாட்டுக்கு முதல் பாட்டில். வெள்ளை. நெவில் கிளாஸைச் சுழற்றினான். கண்ணை மூடிக்கொண்டான்.

"எலுமிச்சைத் தோல்," என்றான். "அப்புறம், மழை பெஞ்ச கல்லு."

இந்த மனுஷனா பேசுகிறான் என்று பார்த்தேன். கறி வெந்திருக்கிறதா என்று கேட்டால்கூட 'ம்' என்பவன். எனக்கு ஒயின் வாசனைதான் வந்தது. ஆனால் சாப்பிட்டு முடித்தும் மேசையை விட்டு இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அப்படி உட்கார்ந்து வெகு காலம் ஆகிறது. அதற்கு விலை போட்டால் என்ன வரும்?

ஏப்ரல் 12

நெவிலின் அக்கா தெல்மா மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். படிக்கட்டுக்கு அடியில் பெட்டியைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டாள்.

"பாட்டில் பத்து பவுண்டா? டேய் நெவில், உன்னை நல்லா ஏமாத்தியிருக்காங்க."

"ருசின்னு ஒண்ணு இருக்குல்ல, தெல்மா."

"உனக்கா? பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டை ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கித் தின்னவன் நீ."

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. கடையில் அதே பெயரில் கிடைத்தால் விலையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இவர்கள் தங்களுக்கென்றே லேபிள் அடித்து ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது ஐந்து பவுண்ட் சரக்கா, பத்து பவுண்ட் சரக்கா, யாருக்குத் தெரியும்? நானும் இணையத்தில் தேடியிருக்கிறேன். அந்தப் பெயரில் உலகத்தில் வேறெங்கும் ஒயின் இல்லை.

"அடுத்த தடவை வரும்போது ஒரு பரீட்சை வைக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

மே 3

வைத்தாள்.

மூன்று பாட்டில். லேபிள் தெரியாமல் நெவிலின் நீளமான கம்பளிச் சாக்ஸை மாட்டினோம். ஒன்று கிளப் ஒயின். இன்னொன்று தெல்மா வாங்கிவந்த மலிவுச் சரக்கு. மூன்றாவது, குழம்பில் ஊற்றுவதற்காக அடுப்புப் பக்கத்தில் நான் திறந்து வைத்திருந்த மிச்சம். பல வாரம் ஆகிப் புளித்துப்போனது. யோசனை தெல்மாவுடையது. எடுத்துக் கொடுத்தது நான்.

நெவில் மூன்றையும் நிதானமாகக் குடித்தான். மூன்றாவதை மட்டும் மறுபடி இரண்டு தடவை குடித்துப் பார்த்தான்.

"இதுதான் கிளப்போடது," என்றான். "சந்தேகமே இல்லை. கருந்திராட்சை. கடைசியில கொஞ்சம் புகை."

தெல்மா மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். "டேய், அது வினிகருடா. உன் பொண்டாட்டி குழம்புல ஊத்தறது."

நானும் சிரித்தேன். நெவில் கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு பாட்டில்களிலிருந்து சாக்ஸைக் கழற்றி, மடித்து, மாடியில் வைத்துவிட்டு வருகிறேன் என்று போனான். தெல்மா கிளம்பும்வரை இறங்கி வரவில்லை.

மே 4

நான் சிரித்திருக்கக் கூடாது.

மே 28

தூக்கம் வரவில்லை. எழுதினால் மனசு கொஞ்சம் அடங்கும்.

வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் நடையெல்லாம் கருகல் நாற்றம். சமையலறையில் சூப் பாத்திரம் கருகி அடி சிவந்து கிடக்கிறது. கையெட்டும் தூரத்தில் நெவில் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பரில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருக்கிறான்.

"நெவில், என்ன பண்றே?"

"ஏன், என்ன?" என்று நிமிர்ந்தான். அப்போதுதான் திரும்பிப் புகையைப் பார்த்தான்.

ஜன்னலையெல்லாம் திறந்தேன். கத்தினேன். வீடு எரிஞ்சிருக்கும், நீ செத்திருப்பே, வாசனை வரலையா உனக்கு, மூக்கு எங்க போச்சு — அப்படிக் கத்தும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"எவ்வளவு நாளா?"

"தெரியலை. ரெண்டு வருஷம் இருக்கும். ஒரேயடியா போகலை. கொஞ்சங்கொஞ்சமா."

"அந்த எலுமிச்சைத் தோலு? மழை பெஞ்ச கல்லு?"

"அட்டையைப் படிச்சுட்டுத்தான் சொன்னேன்."

"அப்ப எதுக்கு நெவில் அந்த கிளப்பு? எதுக்கு இவ்வளவு பணம்?"

அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான். "மலிவுச் சரக்கா இருக்கறதாலதான் ஒண்ணும் தெரியலையோன்னு நெனச்சேன். நல்லதா இருந்தா உள்ள போயி எட்டுமோன்னு. ஒவ்வொரு பாட்டிலும் திறக்கறப்ப இதுல வந்துடும், இதுல வந்துடும்னு..."

பிறகு சொன்னான்: "அன்னிக்கு அந்தப் புளிச்சது இருக்கே, அதுல மட்டுந்தான் நாக்குல ஏதோ ஒண்ணு பட்டுது. அதனால அதுதான் நல்லதுன்னு நெனச்சுட்டேன்."

ரெண்டு வருஷம். ஒரே மேசை, ஒரே கட்டில். எனக்கு எப்படித் தெரியாமல் போச்சு? என் தலைமுடி வாசனைகூட அவனுக்குத் தெரியலை. சோப்பு மாத்தினேனே, நல்லா இருக்குன்னு சொன்னானே.

ஜூன் 16

இரண்டாவது பெட்டி வந்துவிட்டது. நிறுத்தச் சொல்ல மறந்தே போனேன்.

நெவிலை டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் மூக்கை அதிகம் பார்க்கவில்லை. நடந்து காட்டச் சொன்னார். பெயரை எழுதச் சொன்னார். எழுத்து போகப்போகச் சிறிதாகிக்கொண்டே போனது. நடக்கும்போது அவன் எழுதுகிற இடது கை ஆடவே இல்லை, ஒட்டிவைத்தது போல் இருந்தது. கரும்பலகையில் கண்டங்களை ஒரே இழுப்பில் வரைந்தவனின் கை. நியூகாசிலில் பெரிய டாக்டருக்கு எழுதியிருக்கிறார்.

செப்டம்பர் 2

பார்க்கின்சன்.

"பல பேருக்கு மூக்குதான் முதல்ல போகும்," என்றார் டாக்டர். "மத்ததெல்லாம் வர்றதுக்குச் சில வருஷம் முன்னாடியே."

கை என்ன ஆகும், கால் என்ன ஆகும் என்று நெவில் கேட்பான் என்று காத்திருந்தேன். அவன் கேட்டது ஒன்றுதான். "வாசனை திரும்ப வருமா?"

"வராதுங்க. அதுக்கு மருந்து இல்லை."

காரில் வரும் வழியெல்லாம் ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஹெக்ஸம் பாலம் தாண்டியதும் சொன்னான், "அந்த கிளப்பை நிறுத்திடு."

செப்டம்பர் 3

ஸ்பீக்கரில் போட்டு கிளப்புக்கு போன் செய்தேன். எடுத்தவன் பெயர் ஏட்ரியன்.

"காரணம் தெரிஞ்சுக்கலாமா மேடம்?"

"என் வீட்டுக்காரருக்கு ருசி தெரியாது."

பாவம், "பழகினா வந்துடும் மேடம். ஆரம்பத்துல இனிப்பு ஒயினா அனுப்பட்டுமா?" என்றான்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நெவிலுக்குக் கேட்டிருக்கிறது. அடுத்த அறையிலிருந்து அவன் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாள் ஆயிற்று! கதவருகே வந்து நின்றான்.

"இருக்கட்டும் ரோவீனா. நிறுத்தாதே. நீ குடி. குடிச்சுட்டு எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லு."

செப்டம்பர் 12

"சொல்லு," என்றான்.

"ஒயின் மாதிரி இருக்கு."

"பத்து பவுண்ட் போச்சு."

அட்டையைத் தேடினேன். தரமாட்டேன் என்று அதன்மேல் கையை வைத்துக்கொண்டான். "அது எனக்கு மனப்பாடம். நீ சொல்லு."

மறுபடி முகர்ந்தேன். அவசரப்படாமல். என்னவோ இருந்தது, பெயர்தான் வரவில்லை. பிறகு வந்தது.

"உங்க அப்பாவோட கார். வெயில்ல நின்னதுக்கப்புறம் கதவைத் திறந்தா வருமே, அந்தத் தோல் சீட்டு."

நெவில் குடித்தான். வாயிலேயே வைத்திருந்தான்.

"ஆமா," என்றான். "பின்சீட்டுல அவர் தொப்பி கிடக்கும்."

"வாசனை வந்ததா?"

"மூக்குக்கு வரலை."

அவ்வளவுதான் சொன்னான். ஆனால் கிளாஸைக் காலி செய்தான்.

ஏப்ரல் 9, 2016

தெல்மா மூடி போட்ட கோப்பை ஒன்று வாங்கி வந்தாள். அவன் கையில் இப்போது கிளாஸ் நிற்பதில்லை.

"பத்து பவுண்ட் ஒயினைப் பச்சப்பிள்ளைக் கோப்பையில குடிக்கிற ஒரே ஆள் நீதான்டா," என்றாள்.

"உன் சரக்குக்கு இந்தக் கோப்பையே அதிகம்," என்றான் இவன்.

அவள் பின்கட்டுக்குப் போய்த் துணிக்கொடிக்கு அடியில் நின்று அழுதாள். அந்தப் பரீட்சையைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. போகும்போது என் கையைப் பிடித்து, "இந்தப் பெட்டிக்கு இனிமே பாதிக் காசு நான் தர்றேன்," என்றாள். சரி என்றேன்.

டிசம்பர் 17, 2016

சிவப்பு. மரத்தூள், செருப்புத் தைக்கிற கடை, செர்ரி. 'செருப்புக் கடையா?' என்று அரை மணி நேரம் சிரித்தான்.

நவம்பர் 6, 2017

மாடி ஏறுவது நின்றுவிட்டது. கட்டிலைக் கீழே கொண்டுவந்தாயிற்று. கண்ணாடிக் கடை வேலையை விட்டுவிட்டேன்.

குரல் ரொம்பச் சன்னமாகிவிட்டது. மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். குழப்பம் வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். அவனுக்கா? நேற்றுகூட ஆப்பிரிக்காவின் ஆறுகளை வரிசையாகச் சொன்னானே.

ஜனவரி 13, 2018

இன்று பாட்டில் திறக்கவில்லை. ஏழு மணிக்கே தூங்கிவிட்டான். தூக்கத்தில் யாரையோ அதட்டினான்.

பிப்ரவரி 17

மூன்று நாளாக எனக்குச் சளி. இருந்தாலும் சனிக்கிழமை ஆயிற்றே என்று ஒரு பாட்டிலைத் திறந்தேன். வெளியில் மழை. முகர்ந்தேன். தண்ணீரை முகர்ந்தது போல் இருந்தது.

"எனக்கு இன்னிக்கு ஒண்ணும் தெரியலை நெவில். மூக்கு அடைச்சிருக்கு."

"அப்ப நான் சொல்றேன்."

கோப்பையின் மூடியை எடுத்துவிடச் சொன்னான். இரண்டு கையாலும் பிடித்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோனான். பாதி மார்பில் கொட்டியது. துடைக்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தான்.

"நனைஞ்ச நாய்," என்றான்.

நான் சிரித்தேன். "நல்லா இருக்கே. அப்புறம்?"

"பிளம்ஸ். நல்லாப் பழுத்து விழுந்தது. ஈர மண்ணு. உன் சோப்பு." அவன் மூச்சு வேகமாக வந்தது. கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. இந்த ஒரு வருடமாக மரத்துப்போயிருந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "ரோவீனா, வந்துடுச்சு. எனக்கு வாசனை வந்துடுச்சு."

"நெவில்..."

"முதல்ல நாயோடதுதான் வருது. மழையில நனைஞ்சுட்டு வந்து படுத்திருக்கு பாரு, அதனால."

இடது கையை நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டான். காற்றில் ஒரு முதுகு இருப்பது போல, அதன் மயிர் போகிற பக்கமாக, மெல்லத் தடவிக்கொடுத்தான்.

நாங்கள் நாய் வளர்த்ததே இல்லை.

"பார்த்தியா," என்றான். "பணமெல்லாம் வீண்னு தெல்மா சொன்னாளே. நல்லதா ஒண்ணு வந்தா தெரியும்னு நான் சொல்லலை?"

திங்களன்று நர்ஸுக்கு போன் செய்ய வேண்டும். என்னென்ன சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

"சொன்னே," என்றேன். "சரியாத்தான் சொன்னே."

"மெதுவாப் பேசு. இப்பத்தான் தூங்குது."

அது எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கிறது என்று கேட்டேன். காட்டினான். அங்கே படாமல் என் இரண்டு காலையும் இழுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.