சார்ட்டில் இல்லாத வாசனை

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கு முழுக்க எஃப் 43. மனநலப் பிரிவு சார்ட்டுகள் எல்லாம் என் தலையில்தான் விழுகின்றன. "நீங்கதான் மேடம் பொறுமையா படிப்பீங்க" என்று லீடர் ஐஸ் வைக்கிறான். பொறுமையாவது மண்ணாவது! சீக்கிரம் வீட்டுக்குப் போய் எனக்கு என்ன வேலை இருக்கிறது?

டாக்டர் எழுதியதைப் படித்து, அந்த நோய்க்கு உரிய எண்ணைப் போடுவது என் பிழைப்பு. அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்ஷூரன்ஸ்காரன் பணம் தருவான், இல்லை கையை விரிப்பான். எஃப் 43 என்பது அதிர்ச்சியில் மனசு அடிபட்டவர்களின் குடும்பம். புள்ளி பூஜ்யம், சம்பவம் நடந்த உடனே வரும் பதற்றம். புள்ளி ஒன்று, சம்பவம் முடிந்து போன பிறகும் ஆளை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது. புள்ளி ஒன்பது, 'இன்னதென்று குறிப்பிடாதது'. டாக்டருக்கு எழுதச் சோம்பல் என்று அர்த்தம்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்த பாடம்: எழுதாதது நடக்காதது. சார்ட்டில் இல்லையா, உலகத்திலேயே இல்லை. நீயாக ஊகிக்காதே.

வழக்கம்போல் நடந்தே வீடு வந்தேன். கால் விண்ணென்று வலிக்கிறது. பஸ்கள் அதுபாட்டுக்கு என்னைத் தாண்டித் தாண்டிப் போயின.

ஜூன் 8, ஞாயிறு

அக்கா போன் பண்ணினாள். வலது கண்ணில் புரை முற்றிவிட்டதாம். அடுத்த மாதம் ஆபரேஷன்.

"ஒரு வாரம் வந்து இருடி. சொட்டு மருந்து விட ஆள் வேணும்ல? எனக்கு வேற யாரு இருக்கா?"

மாமா போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள். வேறு நாதி கிடையாது. அவள் ஊருக்கு ரயில் இல்லை. பஸ்ஸோ காரோ, மலைமேல் அந்த வளைவைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

"லீவு கெடைக்காதுக்கா" என்றேன்.

"நான் காய்ச்சல்ல கிடந்தப்பவும் இதையேதான் சொன்ன. ரெண்டு வருஷமா என் வாசப்படி மிதிக்கல நீ. கல்லுளிமங்கி! நெஞ்சுல ஈரமே இல்லடி உனக்கு."

வைத்துவிட்டாள். லீவு எனக்கு மலைபோல் கிடக்கிறது.

ஜூன் 9, திங்கள்

தூங்கவில்லை.

ஜூன் 11, புதன்

தெருமுனை டாக்டரம்மாவிடம் போனேன். என் வயசுதான் இருக்கும். "என்ன பண்ணுது?" "தூக்கம் வரல டாக்டர்." "வேற?" "வேற ஒண்ணும் இல்ல."

'தூக்கமின்மை' என்று எழுதினார். தலைகீழாகவே படித்து மனசுக்குள் எண்ணும் போட்டுவிட்டேன். பழக்கதோஷம்.

வேற ஒண்ணும் இல்லையாமே! வாய் கூசாமல் எப்படிச் சொன்னேன்?

சரி. யாரும் படிக்காத இடம்தானே இது, இங்கேயாவது எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், அக்கா வீட்டிலிருந்து திரும்பி வந்த பஸ். ஜன்னலோரம் நான். பக்கத்தில் ஒரு அம்மா, மடியில் துணிப்பை, பிரசவமான மகளைப் பார்க்கப் போகிறாள். "கண்ணு, நான் மார்க்கெட்டுல இறங்கணும். அசந்துட்டேன்னா எழுப்பி விடும்மா" என்றாள். என் தோளிலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள். வளைவில் பஸ் கவிழ்ந்தது. ஒரே டீசல் நாற்றம். ஹாரன் அமுங்கிப்போய் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த அம்மாவை எழுப்பினேன். எழுப்பினேன், எழுப்பினேன், எழுப்பிக்கொண்டே இருந்தேன் — யாரோ வந்து என் கையைப் பிரித்துவிட்டார்கள்.

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு 'காயம் ஏதுமில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். "பஸ் லேசா சாஞ்சுதுக்கா, எனக்கு ஒண்ணும் ஆகல" என்று அக்காவிடம் சொன்னேன். நம்பிவிட்டாள். ஏன் நம்ப மாட்டாள்?

ஜூன் 16, திங்கள்

இன்று வந்த ஒரு சார்ட். பேக்கரியில் அடுப்பு வெடித்து, கூட நின்ற கூட்டாளி செத்துப்போயிருக்கிறான். இந்த ஆளுக்குக் கையில் மட்டும் தீக்காயம், அதுவும் ஆறிவிட்டது. ஆறாததற்காகத்தான் மனநல ஆலோசனைக்கு வந்துகொண்டிருக்கிறார். நம் ஒற்றைவரி டாக்டர் என்ன எழுதியிருக்கிறார்? 'மன அழுத்தம். தூக்கமில்லை. ஆலோசனை தொடரட்டும்.' தீர்ந்தது!

இதற்குப் புள்ளி ஒன்பதுதான் போட முடியும். போட்டால் இன்ஷூரன்ஸில் கையை விரித்து ஆலோசனையை நிறுத்திவிடுவார்கள். ஏற்கெனவே ஒரு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

டாக்டருக்குக் கேள்வி அனுப்பலாம். அதற்கும் ஆயிரம் சட்டம். சார்ட்டில் உள்ள அறிகுறியைத்தான் காட்டிக் கேட்க வேண்டும், பதிலை அவர் வாயில் ஊட்டக் கூடாது. எனக்கு வந்த கோபத்துக்கு மடமடவென்று அடித்து அனுப்பிவிட்டேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும் அந்த மனுஷனுக்கு.

ஜூன் 20, வெள்ளி

கேள்விகள் டாக்டருக்குப் போவதற்கு முன் ஆடிட்டர் பார்ப்பார். எங்கள் ஆடிட்டருக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். எறும்பு போனாலும் காலை எண்ணுகிற ரகம். மத்தியானம் கூப்பிட்டு அனுப்பினார். திரையில் நான் எழுதிய கேள்வி.

"மேடம், இதைப் படிங்க."

படித்தேன். 'இவருக்குத் தூக்கமில்லை. டீசல் வாசனை வந்தால் குமட்டல். ஹாரன் சத்தம் கேட்டால் உடல் நடுக்கம். ஜன்னலோரம் உட்கார முடியவில்லை. யாராவது பக்கத்தில் கண்ணயர்ந்தால் பயம். இவற்றைக் கருதி நோயைத் தெளிவுபடுத்தவும்.'

"அடுப்பு வெடிச்ச ஆளுக்கு டீசல் நாத்தம் எங்கேர்ந்து மேடம் வந்துச்சு? சார்ட்டை மூணு தரம் பார்த்துட்டேன். தூக்கமில்லைங்கறதைத் தவிர ஒண்ணுமே இல்ல."

ஐயோ! நான் எழுதும்போது எனக்குத் தெரியவே இல்லை. சத்தியமாகத் தெரியவில்லை. வேறு சார்ட்டோடு குழம்பிவிட்டது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"வேற சார்ட்டுன்னா அதைக் கொண்டாங்கன்னு கேக்கணும் நான். கேக்கல. இந்தக் கேள்வியை அழிச்சுடறேன். இந்த ஆளுக்குப் புதுசா எழுதுங்க, இருக்கறதை மட்டும்." நான் எழுந்ததும் மெதுவாகச் சொன்னார்: "அந்த இன்னொரு ஆளுக்கும் ஒரு டாக்டர் எழுதணும்ல மேடம்."

பாத்ரூமில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜூன் 21, சனி

இன்று யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் தொண்டை இருக்கிறதா என்று பார்க்கச் சும்மா ஒருமுறை செருமினேன்.

ஜூன் 24, செவ்வாய்

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். போனேன்.

"மாத்திரையில தூக்கம் வருதா?" என்றார் டாக்டரம்மா. வரல என்றேன். "வேற?" என்றார். அதே வேற. வாசலில் யாரோ இருமினார்கள். எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். பிறகு, "பஸ்ல எனக்குப் பக்கத்துல ஒரு அம்மா..." என்று ஆரம்பித்தேன். எங்கே நிறுத்தினேன், எப்போது அழுதேன், ஒன்றும் ஞாபகமில்லை. வெளியே ஆள் காத்திருந்தும் அவர் அவசரப்படுத்தவில்லை. பேனாவைக்கூடக் கீழே வைத்துவிட்டார்.

கடைசியில்தான் எடுத்து எழுதினார். நிறையவே எழுதினார். நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

அக்காவிடம் சொல்லிவிட்டேன். எல்லாம்.

"ரெண்டு வருஷமாவா?"

"ஆமாக்கா."

"ஏன்டி பாவி, என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"ஒரு கீறல்கூட இல்லையேக்கா. என்னன்னு சொல்ல?"

அவள் அழுதாள். அழுது முடித்த கையோடு திட்டினாள். ஊமைக்கோட்டான், அழுத்தக்காரி, கூடப் பிறந்தவளையே அன்னியமா நினைச்சவ. அவள் திட்டத் திட்ட எனக்கு என்னவோ நிம்மதியாக இருந்தது.

"நீ வராத. நான் வரேன். உங்க ஊர்ல கண் டாக்டருக்கா பஞ்சம்? அங்கயே பண்ணிக்கறேன்."

ஜூலை 5, சனி

வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு நான் போகவில்லை. தெருமுனை வரை போனேன், அவ்வளவுதான் முடிந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கியதும் ஒரு கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்து, "என்னடி இப்படித் தேஞ்சு போயிருக்க?" என்றாள். ஒன்றும் சரியாகத் தெரியாத கண்ணுக்கு அதுமட்டும் தெரிகிறது.

வீட்டில் இருப்பது ஒரு தலையணை. அதைப் பார்த்துவிட்டுத் தன் புடவையைச் சுருட்டித் தனக்கு வைத்துக்கொண்டாள்.

ஜூலை 9, புதன்

பேக்கரிக்காரர் சார்ட் திரும்பி வந்தது. இந்தத் தடவை நான் கேட்டது ஒரே வரி: 'நோயாளியிடம் மேலும் விசாரித்து விவரம் இருப்பின் எழுதவும்.' ஒற்றைவரி டாக்டர் முழுப் பக்கம் எழுதியிருக்கிறார்! அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டால் அந்த மனுஷன் வீட்டை விட்டு வெளியே போய் நின்றுவிடுகிறாராம். புள்ளி ஒன்று போட்டேன். ஆலோசனை தொடரும்.

ஜூலை 17, வியாழன்

நேற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. லீவு போட்டிருக்கிறேன்.

மத்தியானம் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டேன். "ஆடாதக்கா." "உன் கைதான்டி ஆடுது." சாப்பிட்டாள். நான் வைத்த ரசத்துக்கு உப்பு இல்லை என்று குறை சொன்னாள். பிறகு பக்கத்தில் வந்து படுத்து, கொட்டாவி விட்டுக்கொண்டே, "நாலு மணிக்கு அடுத்த சொட்டுல்ல? அசந்துட்டேன்னா எழுப்பி விடுடி" என்றாள்.

பஸ்ஸில் அந்த அம்மா சொன்ன அதே வார்த்தை. அவள் தெரிந்து சொல்லவில்லை, தூக்கக் கலக்கத்தில் வந்த பேச்சு. அடுத்த நிமிஷம் தூங்கிவிட்டாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மூச்சு வருகிறதா, வருகிறதா என்று பார்த்துக்கொண்டே. எழுந்து வெளியே ஓடிவிட வேண்டும்போல இருந்தது. ஓடவில்லை.

நாலு அடித்தது. தோளைத் தொட்டேன். "அக்கா."

அசையவில்லை.

"அக்கா!"

"ம்... என்னடி கத்தற, காதுல விழுது" என்று எழுந்து உட்கார்ந்தாள்.