இடது பிரேக்

15 அக்டோபர் 1961, ஞாயிறு. காஜா பெராங்.

காலையில் பறந்துவிட்டுத் தரையிறங்கியபோது ஃப்ளையிங் கிளப் விமானத்தின் இடது பிரேக் மிதி பிடிமானமில்லாமல் உள்ளே போனது. இறங்கியதும் அதைப் பழுதேட்டில் எழுதுவது என் கடமை. எழுதினால் விமானத்தைப் பட்டறையில் போட்டுவிடுவார்கள், காத்திருக்கும் கிளப் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். "பழுது இல்லை" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

மாலையில் கிளப் நண்பன் ஹாஷிம் அதே விமானத்தை எடுத்தான். இறங்கும்போது அது ஓடுதளத்தை விட்டு விலகிக் கால்வாயில் சரிந்தது. அவனுக்குக் காலும் வலது கையும் முறிந்துவிட்டன.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மெக்கானிக் சூசை கேட்டார்.

"காலையில நீங்கதானே தம்பி ஓட்டினீங்க? பிரேக் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே."

யோசிக்காமலே வந்துவிட்டது.

உள்ளே ஹாஷிம் விழித்திருந்தான். கிளம்புமுன் சோதித்தபோதே பிரேக் இளகலாகத் தெரிந்ததாம். "ஏட்டில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். நீ சொன்னால் சரியாக இருக்கும் என்று எடுத்துவிட்டேன்" என்று மலாயில் சொன்னான். தப்பு தன்னுடையதுதான் என்று கிளப்புக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இடது கையால் கையெழுத்துப் போட்டான்.

கடிதம் மேசைமேல் இருக்கிறது. காலையில் கொடுக்க வேண்டும். மறுபடி படித்துப் பார்த்தேன். என் எழுத்து ஒரு இடத்தில்கூடக் கோணவில்லை.